செடி பிடிக்கும் என்பதற்காக நர்சரி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 30. பி.காம். படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மொட்டைமாடியில் இருநூறு தொட்டிகளுக்கு மேல் இருக்கின்றன. புதிதாக எந்தச் செடியைப் பார்த்தாலும் ஒன்று வாங்கி வந்துவிடுவேன். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுச் செடி வாடினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே அப்பா பெயரில் 15 சென்ட் இடமும் போரும் உண்டு. வேலையை விட்டுவிட்டு நர்சரி வைக்கலாமா? செடி சார்ந்து வேறு என்ன வேலைகள் இருக்கின்றன? அதற்கு ஏதாவது படிக்க வேண்டுமா? தம்பி பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. அவனுக்கும் இந்த ஆசை உண்டு. அவனுக்கு என்ன வழி?

– வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் நர்சரி பற்றிய கேள்வியைவிட வேறு இரண்டு வரிகள்தான் முக்கியமாகப் பட்டன. புதிய செடி எதுவானாலும் ஒன்று வாங்குவீர்கள், வாடிய செடி எங்கிருந்தாலும் உங்களைக் கூப்பிடுகிறார்கள். செடியை வளர்த்துக் காப்பாற்றுவது ஒரு தொழில். செடியைப் பெருக்கி விற்பது முற்றிலும் வேறு தொழில். உங்கள் மாடியில் நூறு வகையில் ஒவ்வொன்று இருக்கும். நர்சரியில் பத்தே வகைதான் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஆயிரம் செடி. அங்கே மனம் லயித்து வேலை செய்பவர்களுக்குப் பிடித்தது அந்த ஆயிரத்தையும் ஒரே உயரத்தில், ஒரே தேதியில் வண்டியேற்றுவது. உங்கள் கை போகும் திசை பராமரிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் என் ஊகத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே ஒரு பருவம் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்தப் போர் தண்ணீரைப் பரிசோதியுங்கள். நொய்யல் ஓரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாகிக் கிடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தோட்டத்து மண்ணில் ஓரளவு தாங்கும் உப்பைக் குழித்தட்டிலோ சின்ன கவரிலோ வளரும் நாற்று தாங்காது. கையளவு ஊடகத்தில், அதாவது வேர் பிடிக்கும் கலவையில், தினமும் தண்ணீர் ஆவியாகப் போகிறது, உப்பு மட்டும் தங்கிச் சேர்ந்துகொண்டே வருகிறது. முதலில் இலை நுனி காயும், பிறகு ஓரம் கருகும், வளர்ச்சி நின்றுவிடும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். உரம் போதவில்லை என்று மேலும் உரம் போடுபவர்களும் உண்டு, அதுவும் உப்புதான்.

அரசு மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பார்த்துத் தருவார்கள். அறிக்கையில் ஈ.சி. என்ற அளவு (தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துதிறன்) 1 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் நர்சரிக்கு நல்லது. 2.25-ஐத் தாண்டினால் அந்த இடத்தில் நர்சரி யோசனையையே விட்டுவிடுங்கள். இடைப்பட்டதாக இருந்தால் மழைநீரைத் தொட்டியில் சேமித்து நாற்றுக்கு மட்டும் விடலாம். அரளி, காகிதப்பூ போன்ற தாங்கும் வகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். கையில் டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி) இருந்தால் 1 ஈ.சி. என்பது ஏறத்தாழ 500 முதல் 640 பி.பி.எம். என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சரியாக இருந்தால் சோதனைக்கு ஒரே வகைச் செடி போதும். காகிதப்பூவையோ மல்லிகையையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகையில் நூறு நூறாக வைத்தால் அது மாடித்தோட்டத்தின் நீட்டிப்பாகிவிடும். ஒரே வகையில் 500 கட்டிங், அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு, வைத்தால்தான் நர்சரி வேலையின் சுபாவம் தெரியும்.

நன்றாக வளர்ந்த தாய்ச்செடியில் பாதி முற்றிய கிளையைக் காலை நேரத்தில் எடுங்கள். அது வளைத்தால் சட்டென்று ஒடியாது, பச்சைக் குருத்தைப் போலத் துவளவும் செய்யாது. பூவோடு இருக்கும் கிளை வேண்டாம்; அதன் சத்து பூவுக்குப் போய்க்கொண்டிருக்கும். 12 முதல் 15 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணுக்கள். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும் மேலே சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. ஆள் வைத்து வேலை செய்யும்போது இந்தச் சின்ன அடையாளம்தான் காப்பாற்றும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேல் இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். காகிதப்பூவுக்கு ஐ.பி.ஏ. வேர் ஊக்கி 2000 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 2 கிராம். தண்ணீரில் நேரடியாகப் போட்டால் கரையாது. முதலில் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். வெட்டிய அடிப்பகுதியை ஐந்து விநாடி நனைத்து, ஆல்கஹால் உலரவிட்டு நடுங்கள். இது சிரமம் என்றால் கடையில் கிடைக்கும் வேர்ப்பொடி போதும். அரளிக்கு எதுவும் தேவையில்லை.

ஊடகத்துக்குக் கழுவிய கோகோபீட்டையும் (தேங்காய் நார்த்தூள்) சலித்த மணலையும் சம அளவில் கலக்கலாம். 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் வரும். விலை குறைந்தது என்று கழுவாத கட்டியை வாங்கினால் அதிலுள்ள உப்பே கட்டிங்கைக் கெடுக்கும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை டி.டி.எஸ். பேனாவால் பார்த்துவிட்டு, உப்பு அதிகம் என்றால் மேலும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காற்றில் ஈரம் குறையாமல், ஆனால் அடியில் தண்ணீர் தேங்காமல் வைக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் நட்ட பத்தாவது நாளுக்கு மேல்தான் நடக்கிறது. துளிர் வந்ததும் பிடித்துவிட்டது என்று நினைத்து வெயிலில் எடுத்து வைப்பார்கள். அந்தத் துளிர் தண்டில் மிச்சமிருந்த சத்தில் வந்தது, வேர் இன்னும் விட்டிருக்காது. இரண்டு நாளில் கருகிவிடும். இழுத்துப் பார்ப்பதும் கூடாது, அரும்பிய வேர் அறுந்துபோகும். கவரின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிய 30 முதல் 45 நாள் ஆகும். அதற்குப் பிறகு ஒரு வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்து, மெல்ல வெளியே கொண்டுவாருங்கள்.

இந்த 500-இல் எத்தனை பிழைத்தன என்று எண்ணுங்கள். நீங்கள் கணக்குத் துறையில் இருப்பதால் இது எளிதாகவே புரியும். ஆயிரம் கட்டிங்குக்குக் கவர், ஊடகம், கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 850 பிழைத்தால் செடிக்கு அடக்கம் 7 ரூபாய் சொச்சம். 550 பிழைத்தால் 11 ரூபாய் அளவுக்கு வந்துவிடும். மொத்த வியாபாரி 12 ரூபாய்க்கு எடுத்தால் முதல் ஆள் பிழைப்பார், இரண்டாம் ஆள் கடையை மூடுவார். இருவருக்கும் செலவு ஒன்றே, விலையும் ஒன்றே. நர்சரியில் லாபம் பிழைப்பு விகிதத்தில்தான் இருக்கிறது. அதனால் முதல் நாளிலிருந்தே தொகுதிவாரியாக ஒரு பதிவேடு போடுங்கள்: நட்ட தேதி, எண்ணிக்கை, பதினைந்து நாளுக்கொரு முறை உயிரோடிருப்பது, விற்றது, கழித்தது. பல சிறு நர்சரிகளில் இந்தப் பதிவேடே இல்லை. ஆண்டு முடிவில் பணம் எங்கே போனது என்றும் தெரிவதில்லை.

ஐந்நூறையும் நட்டுத் தண்ணீர் ஊற்றி எண்ணி முடித்த பிறகும் அடுத்த தொகுதி போட ஆசை இருந்தால் நர்சரி உங்களுக்குப் பொருந்தும். அப்போதும் அலங்காரச் செடியை மட்டும் நினைக்காதீர்கள். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரி லாரியாக வரும் செடிகளோடு விலையில் போட்டி போடுவது கடினம். உடுமலை, பல்லடம், பொங்கலூர் பக்கத்துத் தக்காளி, மிளகாய் விவசாயிகளுக்குக் குழித்தட்டு நாற்று போட்டுத் தருவது 15 சென்ட்டில் செய்யக்கூடியது. 98 குழி தட்டு ஒன்றுக்கு 1.2 கிலோ அளவுக்குக் கோகோபீட் வேண்டும். 300 கிலோவுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்கள் தலா ஒரு கிலோ கலப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முளைக்கும் வரை பாலித்தீன் தாளால் மூடி வைக்க வேண்டும். முளை தலைகாட்டிய அன்றே பிரித்துப் பரப்பிவிடுங்கள். ஒரு நாள் தவறினால் வெளிறி நீண்டு, பிறகு தேறாது. மாலையில் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் ஈரமாக விட்டால் நாற்றழுகல் நிச்சயம். தண்டு தரையோடு மெலிந்து, நாற்று கூட்டம் கூட்டமாகச் சாயும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை போதும். மற்றபடி காலைப் பாசனமும் காற்றோட்டமும்தான் மருந்து.

இந்த வியாபாரத்தின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தக்காளி நாற்று 25 நாளில் தயாராகிவிடும். அந்த வாரம் தக்காளி விலை விழுந்தால் நாற்று சொல்லிவைத்தவர் எடுக்க வரமாட்டார். பத்து நாள் தாமதித்தால் வேர் சுருண்டு, தண்டு நீண்டு, நாற்று வீணாகிவிடும். ஆகவே விதை போடும் முன்பே குறைந்தது பாதிப் பணம் முன்பணம். சொந்தக்காரராக இருந்தாலும் இதில் தளர வேண்டாம்.

திசு வளர்ப்பு வாழையும் ஒரு வழி. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் முதல்நிலைக் கடினப்படுத்திய, அதாவது வெளிச்சூழலுக்குப் பழக்கத் தொடங்கிய, சிறு கன்றுகளை வாங்கி, நிழல்வலையில் கவரில் வைத்து, ஐந்தாறு இலை விடும்வரை ஒன்றரை இரண்டு மாதம் வளர்த்து விற்பது. ஆய்வகம் வைக்கும் செலவு இல்லை. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் தரச்சான்று உள்ள ஆய்வகமா, நச்சுயிரிப் பரிசோதனை அறிக்கை தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். குலை தள்ளும்போது வேறு ரகம் என்று தெரிந்தால் விவசாயி தேடி வருவது உங்களைத்தான்.

உரிமத்தை மறந்துவிட வேண்டாம். காய்கறி நாற்று, பழக்கன்று, தென்னங்கன்று விற்க விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இன்படி விற்பனை உரிமம் வேண்டும். மாவட்ட விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ரகம், தொகுதி எண், தேதி எழுதிய ரசீது கொடுப்பதும் கட்டாயம். மாடித்தோட்டக்காரர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று உரத்தையும் பூச்சிமருந்தையும் சிறு பொட்டலமாகப் பிரித்து விற்காதீர்கள், உரிமம் இல்லாமல் அது குற்றம். செடிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. தோட்டம் அமைத்துத் தரும், பராமரிக்கும் சேவைக்கு உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு அவசியம் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி, உங்களுக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கும் பராமரிப்புக்கு வருகிறேன். திருப்பூரில் சாயப்பட்டறை, பின்னலாடை ஆலை, பெரிய அலுவலகம் என்று தோட்டம் வைத்தாக வேண்டிய இடங்கள் நிறைய. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையிலேயே பசுமை வளாகம் ஒரு நிபந்தனையாக வருவதுண்டு. செடி நடுவதற்கு ஆள் கிடைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அது ஏன் மஞ்சளாகிறது என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

உதாரணத்துக்கு இட்லிப்பூச் செடி. ஆலை வளாகங்களில் வேலியாக வைப்பார்கள். சில மாதத்தில் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தோட்டக்காரர் யூரியா போடுவார், ஒன்றும் ஆகாது. கொங்குப் பகுதியின் சுண்ணாம்பு மண்ணிலும், கட்டடத்தின் சிமென்ட் கழிவு கலந்த மண்ணிலும் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்க வேண்டும். நிலையான தீர்வுக்கு ஒன்றரை அடி ஆழத்துக்குக் கழிவு மண்ணை எடுத்துவிட்டுச் செம்மண்ணும் தொழு உரமும் நிரப்ப வேண்டும். பழைய இலையும் சேர்ந்து மஞ்சளானால் காரணம் வேறு. தழைச்சத்துக் குறைவா, வேரில் நீர் தேங்குகிறதா என்று தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் மாத ஒப்பந்தம் நிலைக்கும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். செடிகளின் எண்ணிக்கை, புல்தரையின் பரப்பு, வாரத்தில் எத்தனை முறை வருவீர்கள், தண்ணீர் யார் பொறுப்பு, வெட்டிய கழிவை யார் அகற்றுவது, செத்த செடிக்கு மாற்று யார் செலவு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி இரண்டில்தான் சண்டை வரும். நீங்கள் கொடுத்த செடி 30 நாளுக்குள் போனால் இலவசமாக மாற்றுவது நியாயம், தண்ணீர் விடாமல் காய்ந்தால் அவர்கள் செலவு. தீபாவளிக்கு ஆலைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்போது தொட்டிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதைத் தனி வரியாகவே எழுதுங்கள். விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். ஒருமுறை முழு வேலையையும் ஆளை வைத்துச் செய்து மணிக்கணக்கைக் குறித்து, அதன்மேல் கூலி, போக்குவரத்து, உரம், உங்கள் மேற்பார்வை நேரம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

அலுவலகத்துக்குள் செடி வாடகைக்கு வைப்பதும் இதன் கிளைத்தொழில்தான். ஏ.சி. அறையில் எந்தச் செடியும் மெல்லத் தளரும். மாதம் ஒருமுறை உள்ளே இருப்பதை நிழல்வலைக்குக் கொண்டுவந்து, தேறியதை உள்ளே வைக்க வேண்டும். ஆகவே நூறு செடி வாடகைக்குப் போனால் ஏறத்தாழ இன்னொரு நூறு உங்கள் இடத்தில் ஓய்வில் இருக்க வேண்டும். அந்த 15 சென்ட் இதற்குச் சரியாகப் பயன்படும். உள்ளே செத்துப்போகும் செடிகளில் பெரும்பாலானவை தினமும் தண்ணீர் ஊற்றப்பட்டு வேர் அழுகியவை. துப்புரவுப் பணியாளரிடம் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று சொல்லி, உங்கள் ஆளே வந்து ஊற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதச் சம்பளம் விட மனமில்லை என்றால் பி.காம். உடனேயே செடிப் பக்கம் வர வழியுண்டு. ஓசூரின் கொய்மலர்ப் பண்ணைகள், பொள்ளாச்சியின் கோகோபீட் ஏற்றுமதியாளர்கள், கோவையின் விதை, திசு வளர்ப்பு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் உயிருள்ள சரக்கின் இருப்பைக் கணக்கு வைக்கவும், ஏற்றுமதிக்குத் தாவர நலச் சான்றிதழ் முதலான ஆவணங்களைச் சரியாகத் தயாரிக்கவும் ஆள் வேண்டும். ஏற்றுமதி ஆவணம் உங்களுக்குப் பழக்கமானது. செடியும் தெரிந்த கணக்காளர் அரிது. இந்தத் தகுதியைக் குறைத்து எண்ணாதீர்கள்.

படிப்பு என்று பார்த்தால், வேளாண், தோட்டக்கலைப் பட்டத்துக்குப் பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் வேண்டும். அந்தப் பட்டம் கேட்கும் தோட்டக்கலை அலுவலர் போன்ற அரசுப் பணிகளை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தொலைதூரச் சான்றிதழ்ப் படிப்புகளும், வேளாண் அறிவியல் நிலையத்தின் குறுகிய பயிற்சிகளும் உங்களுக்குப் போதும். அதைவிடப் பெரிய படிப்பு, மூன்று மாதம் ஞாயிறுதோறும் ஒரு நர்சரியில் போய் வேலை செய்வது. ஒட்டுக் கட்டப் பழக வேண்டுமென்றால் மாங்கன்றுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போய்ப் பாருங்கள். ஒட்டு வேலை மும்முரமாக நடக்கும் பருவம் அது.

வேலையை விடுவது பற்றி ஒரே ஒரு அளவுகோல் சொல்கிறேன். மூன்று பராமரிப்பு ஒப்பந்தங்கள் ஆறு மாதம் தொடர்ந்து நின்று, கூலியெல்லாம் போக உங்கள் கையில் இப்போதைய சம்பளத்தில் பாதி வந்தால் விடலாம். அதற்கு முன் வேண்டாம். பெரிய இடங்களில் பணம் வர இரண்டு மாதம் இழுக்கும், ஆள் கூலியோ சனிக்கிழமைதோறும் கொடுத்தாக வேண்டும்.

தம்பிக்கு வாய்ப்புகள் அதிகம். பிளஸ் டூ முடிந்ததும் வேளாண் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டக்கலை என்றால் கோவையும் பெரியகுளமும், வனவியல் என்றால் மேட்டுப்பாளையம். தனியார் கல்லூரி கிடைத்தால் பல்கலைக்கழக இணைப்பு உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இணைப்பு இல்லையென்றால் பிறகு அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் அது குறுக்கே வரும். காடு, காட்டுச் செடி என்று மனம் போனால் தாவரவியல் இளங்கலையும் நல்ல வழிதான். இந்திய வனப்பணித் தேர்வை அதை வைத்து எழுதலாம். செடிகளைப் பார்த்து இனம் பிரிக்கும் வகைப்பாட்டியலில் இப்போது ஆட்கள் குறைவு. கோவையிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் பெரிய உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. முன் அனுமதி பெற்றுத் தம்பியை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். ஒரு உலர்ந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இலைக்காம்பையும் மகரந்தத்தாளையும் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடிகிறதா என்று கவனித்தால், தோட்டக்கலையா தாவரவியலா என்பதை அவனே சொல்லிவிடுவான்.